பாதிச் சுற்றில் ஒரு மேடை

அம்மா வடமேற்கு மூலையில் நின்றுவிட்டாள்.

தை மாதக் காலை. கோயில் மதிலில் இரவுப் பனி இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கல்தரை சில்லென்று இருந்ததால் அம்மா கம்பளி மோஜா போட்டிருந்தாள். காலுறையை எங்கள் வீட்டில் அப்படித்தான் பெங்காலியில் சொல்வோம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையில் உதிரிச் செவ்வரளியோடு, கிழக்கில் தொடங்கி, தெற்கும் மேற்கும் முடித்து, வடக்குப் பக்கம் திரும்புகிற இடத்தில் அவளுக்கு வழி இல்லை.

முன்னால் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள். சந்நிதிச் சுவரிலிருந்து மதில் வரை, ஒரு பூனை நுழைய இடமில்லாமல் வரிசை வரிசையாக. அவற்றுக்கு அப்பால் ஒரு பலகை மேடை. மேடையின் முதுகில் பேனர்: ‘ஆன்மிக ஆரோக்கிய முகாம். நடப்போம், நலம் பெறுவோம்.’

கோயில் கமிட்டிச் செயலாளர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வேகமாக வந்தார்.

“மேடம், இன்னிக்கு இந்தப் பக்கம் க்ளோஸ். அப்படியே வந்த வழியா திரும்பிப் போயிடுங்க.”

“திரும்பியா?” என்றாள் அம்மா.

“ஆமாம், ஒரு நாள்தானே. பேச வர்றவர் பெரிய ஆள். வாக்கிங்கோட பலன் பத்திதான் பேசப்போறார். முன் வரிசையில உக்காந்து கேளுங்க. உங்களை மாதிரி சுகர் இருக்கறவங்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே.”

அவர் சொன்னதை நான் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நடப்பது நல்லது என்று ஒருவர் பேசப்போகிறார். ஆகவே தயவுசெய்து யாரும் நடக்காதீர்கள்.

குளிர் போய் இங்கே வெயில் வந்துவிட்டது, என் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

எங்கே போகிறாய் என்று கேட்டால்

அம்மாவை நடக்கவைக்க எங்கள் வீட்டில் நடந்த முயற்சிகளைச் சொன்னால்தான் இந்தக் கோபம் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் இருப்பது வங்காளத் தலைநகரின் பெஹாலாப் பகுதியில். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. அப்பா அம்மா இருவருக்கும் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நான் பிறந்தது, வளர்ந்தது, உணவியல் படித்தது எல்லாம் இங்கேதான். இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கச்சோரி நினைவிருக்கும். அம்மாவின் சர்க்கரையைப் பற்றி மட்டும் நான் இதுவரை எழுதவில்லை. அவள் விட்டதில்லை. போன வாரம் அவளே, “எழுது, பேரச் சொல்லாம எழுது” என்றாள்.

எங்கள் டாக்டர் வயதானவர், பெஹாலாக்காரர். அம்மாவை ‘பௌதி’ என்பார், அண்ணி என்று பொருள். ஒவ்வொரு முறையும் மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டே, “பௌதி, நடங்க” என்பார். அம்மா டிவியில் வரும் சமையல் குறிப்புக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டிவிட்டு வந்துவிடுவாள்.

ஒரு நாள் நான் கரியாஹாட் கடைவீதிக்கு அழைத்துப் போய், நடைபாதைக் கடையில் பேரம் பேசி, அவளுக்கு ஓட்டக்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு ஜோடி ஷூ வாங்கித் தந்தேன். சேலைக்குக் கீழே அந்த ஷூவோடு அம்மா தெருவில் இறங்கினாள். எதிர் வீட்டு காகிமா பால்கனியிலிருந்து பார்த்தாள். காகிமா என்றால் சித்தி முறை. தெருவில் பாதிப் பேர் எங்களுக்குக் காகிமாதான். “எங்கே கிளம்பிட்டே?” என்று அவள் கேட்டது சும்மா ஒரு விசாரிப்பு. இரண்டாம் நாளும் அதே கேள்வி. மூன்றாம் நாள் ஷூ பரணுக்குப் போனது.

“ஏட்டி, ஒரு சோலி இல்லாம ரோட்டுல போயிட்டு வாரவள என்னன்னு நெனப்பாங்க? எங்க போறன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“வாக்கிங் போறேன்னு சொல்லும்மா.”

“அது ஒரு எடமா?”



அப்பா தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். “ஏளா, காலைல என்கூட காளிகாட் மெட்ரோ வரைக்கும் நடந்து வா. அங்க காளியக் கும்பிட்டுட்டு நீ ஆட்டோல திரும்பிரு.”

“நீங்க என்னைக்கு காளிகாட் வரைக்கும் நடந்திய? தெருமுனைலயே ஆட்டோவுல ஏறுதத நான் பாக்கத்தான செய்யுதேன்.”

அப்பா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். பூஜை விடுமுறை முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குளிர்காலம் முடிந்ததும் மறுபடி பார்ப்போம், அப்போதும் இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்றார்.

ஊசி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தேவைப்பட்டால் போட்டே ஆக வேண்டும், அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் தென்காசியில் இருந்த என் பெரிய மாமாவுக்கு முதலில் ஊசி வந்தது, பிறகு கால் விரல் போனது, பிறகு மாமாவே போனார். அம்மாவின் மனதில் இந்த மூன்றும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்தன. டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, அரிசி களையும்போது, பாத்திரத்திலேயே கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

கார்த்திகையில் வேண்டிக்கொண்டாள். தைப்பூசம் வரை ஒரு மண்டலம், தினமும் விடியலில் முருகனைச் சுற்றுவது. ஒரு நாள் நின்றாலும் வேண்டுதல் முறிந்தது என்று அர்த்தம். எத்தனை சுற்று என்று கேட்டேன்.

“எண்ணிக்கைய வெளிய சொன்னா அது வேண்டுதலா? சந்தைல்லா.”

மறுநாள் காலை காகிமா பால்கனியிலிருந்து எங்கே என்று கேட்டாள். அம்மா நிமிர்ந்து, “மொந்திர்” என்றாள். கோயில். காகிமா கையெடுத்துக் கும்பிட்டாள். முடிந்தது விஷயம். டாக்டர், ஷூ, அப்பா, நான் எல்லோரும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு விலாசம் செய்துவிட்டது.

சில நாளில் அப்பாவோடு வேலை பார்ப்பவரின் மனைவி கோமதி அத்தையும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு முழங்கால் வலி. “எனக்கு வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்ல மதினி, ஒங்க வாயப் பாக்கத்தான் வாரேன்” என்பாள்.

முருகனுக்கு வைக்கிற அளவு

சாப்பாட்டுக் கதை இன்னும் வயிற்றெரிச்சல்.

நான் கைப்பட எழுதிய உணவு அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. அதன் மேல் காஸ்காரரின் நம்பர், அதன் மேல் கேபிள்காரரின் நம்பர். தவிட்டோடு கூடிய தானியம், பயறு, கீரை, முழுப் பழம், மைதா கூடாது என்று எழுதியிருந்தேன். அம்மா அதைத் துடைப்பாள், வாசிக்கமாட்டாள்.

வேண்டுதலோடு ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டாள். “மண்டலம் முடியுத வரைக்கும் முருகனுக்கு என்னவோ அதுதான் எனக்கும்.”

முருகனுக்கு என்ன? தேனும் தினையும். மலைக்காட்டுச் சாமி. வள்ளி மைதா பிசைந்து கொடுத்ததாக யாரும் பாடவில்லை. சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்களிடம் சொல்லித் தினை தருவித்தோம். பச்சைப் பயறு, கொள்ளு. இந்த ஊரில் குளிர்காலக் கீரைக்குப் பஞ்சமே இல்லை. சிவப்பாய், வழவழப்பாய், தண்டும் தடியுமாய் விடியலிலேயே வந்து இறங்கும். கொய்யா. பனிக்கால முள்ளங்கி. தேனை முருகனுக்கு வைத்துவிட்டுத் தான் விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொள்வாள்.

நான் படித்தவளாயிற்றே, சும்மா இருப்பேனா? தினையும் தானியம்தான், அதையும் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் என்றேன்.

“குமிச்சு யாரு திங்கா? நைவேத்தியக் கிண்ணத்துல எவ்வளவோ அவ்வளவுதான். முருகன விட நான் கூடுதலா திங்க முடியுமா?”

அந்தப் பித்தளைக் கிண்ணத்தைப் பார்த்தேன். அளவுச் சாப்பாடு பற்றி எங்கள் வகுப்பில் படமெல்லாம் போட்டுச் சொல்லித் தந்தார்கள். கிண்ணம் பூஜை அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நம் சாமிகளின் தட்டில் எல்லாம் இருக்கிறது. நாம்தான் அதைத் தூக்கி எறிந்துவிட்டோம். ஏகாதசி விரதம் என்பார்கள், ஜவ்வரிசி வடையும் உருளைக்கிழங்கு ரோஸ்டும் ஓடும். விரதம் என்றால் சோற்றுக்குப் பதில் எண்ணெய் என்று ஆகிவிட்டது. எங்கள் தெருப் பந்தலில் துர்கா பூஜை அஷ்டமிக்கு என்ன போடுகிறார்கள் தெரியுமா? அரிசியும் பருப்பும் சேர்ந்த கிச்சுடி, பக்கத்தில் பூசணி, கத்திரி, முள்ளங்கி, கீரைத்தண்டு எல்லாம் ஒன்றாகக் குழைந்த லாப்ரா. வாழையிலைத் துண்டில் வாங்கி நின்றபடி சாப்பிடலாம். அதற்கு யாரும் ஆரோக்கிய முகாம் என்று பேனர் கட்டவில்லை.

சரி, கோயிலுக்கு வருகிறேன்.

அட்டைப்பெட்டி

பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது அந்த முகாம். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை சுண்டல் கோமதி அத்தையின் பொறுப்பு. அன்றும் தூக்குச்சட்டியில் கொள்ளுச் சுண்டல் கொண்டுவந்திருந்தாள். தேங்காய் சும்மா பேருக்கு. மடப்பள்ளி வாசலிலேயே மறித்துவிட்டார்கள். உள்ளே அட்டைப்பெட்டிகள் என் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்தேன். மைதா பேட்டீஸ், நெய் மின்னும் இரண்டு இனிப்பு, டப்பா ஜூஸ்.

நான் செயலாளரிடம் போனேன். “சார், சர்க்கரை முகாம்ல ஸ்வீட்டா?”

“ஸ்பான்சர் பண்றவர் ஸ்வீட் கடைக்காரர்மா. பின்ன என்ன, பாகற்காயா கொடுப்பார்?”

“சுண்டல் இருக்கே சார்.”

“சுண்டல் தினமும்தான் இருக்கு. இது பேக் பண்ணது, ஹைஜீனிக்.”

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அம்மா அந்த மூலைக்கு வந்து நின்றது. செயலாளர் அவளைத் திரும்பச் சொன்னது.

கோயில் வழக்கம் தெரியாத இளைய வாசகர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சாமியை வலமாகத்தான் சுற்ற வேண்டும், சாமி நம் வலது கைப்பக்கம் இருக்க. தொடங்கிய சுற்றைப் பாதியில் விட்டுத் திரும்பி நடந்தால் அது இடம் சுற்றுவது. சுற்றியதை அவிழ்ப்பது மாதிரி. வேண்டுதலில் இருப்பவள் அதைச் செய்யவே மாட்டாள். ஒரு வெளியாள் ‘திரும்பிப் போ’ என்றிருந்தால் தெரியாமல் சொல்கிறான் என்று விட்டுவிடலாம். சொன்னவர் ஒரு முருகன் கோயிலின் செயலாளர், கும்பகோணத்தில் பிறந்தவர். நாற்காலி எண்ணுகிற அவசரத்தில் அவருக்குச் சாமி எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிருந்தது.

“சார், அம்மா பாதிச் சுத்துல இருக்காங்க. ரெண்டு நாற்காலி நகத்தினா போதும்.”

“பாப்பா, நீ படிச்ச பொண்ணு, உங்கம்மாவுக்கு எடுத்துச் சொல்லு. எந்தச் சாமியும் ஒரு நாளைக்கெல்லாம் கோச்சுக்காது. நாற்காலிக்கெல்லாம் நம்பர் போட்டாச்சு. கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்க.”

அம்மா எங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, நின்னு போச்சே” என்றாள் கோமதி அத்தையிடம், மிக மெதுவாக.

அவள் கண்ணில் அப்போது பெரிய மாமாவின் கால்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியும்.

சாமி வலது கைப்பக்கம்

கோமதி அத்தை தூக்குச்சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். மடப்பள்ளிக்குப் பக்கத்தில், நாங்கள் நின்ற மூலையிலேயே, ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. வாடிய பூவும் மாலையும் வெளியே போகிற வழி.

“மதினி, சாமி வலது கைப்பக்கம் இருந்தாப் போதும்லா?”

“ஆமா.”

“மதிலுக்கு உள்ளதான் சுத்தணும்னு யாரு சொன்னா?”

அம்மா அந்தக் கதவைப் பார்த்தாள். செயலாளரைப் பார்த்தாள். பிறகு, நின்ற காலை எடுத்து முன்னால் வைத்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

வெளியே சந்து. அம்மா காலில் மோஜா மட்டும்தான். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கும், குத்தினால்கூடத் தெரியாது, சின்னக் காயம் பெரிய வினையாகும். “செருப்புப் போடும்மா” என்று ஓடினேன்.

“செருப்போட சாமி சுத்தவா? தள்ளு.”

சண்டை போட நேரமில்லை. அவளுக்கு முன்னால் போய், குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். டீக்கடை வாசல் முழுக்க உடைந்த மண்குவளைச் சில்லு. காலால் ஒதுக்கினேன். பாட்டில் மூடி, ஆணி, எல்லாவற்றையும் ஒதுக்கினேன். கல்லூரியில் எனக்கு இப்படி ஒரு செய்முறைத் தேர்வு வைத்ததில்லை.

சந்து திரும்பினால் வடக்குத் தெரு. அங்கே காலை மீன்கடைகள். அம்மா சுத்த சைவம். அந்தத் தெருவையே இத்தனை வருஷமாகச் சுற்றிக்கொண்டு போகிறவள். இப்போது மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு நேராக நடந்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து, பெங்காலியில், “எங்கே திதி, மோஜாவோட?” என்றாள். திதி என்றால் அக்கா.

அம்மா தனக்குத் தெரிந்த பெங்காலியில், சாமி சுத்துறேன் என்றாள்.

“நில்லு, செதில் கிடக்கு” என்று அவள் கூடையை இழுத்து, ஒரு குவளைத் தண்ணீரை வீசித் தரையைக் கழுவிவிட்டாள். “உன் சாமி எந்தப் பக்கம்?”

அம்மா வலது கையைக் காட்டினாள். மீன்காரப் பெண் அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அங்கே தெரிந்தது ஒரு கிளப்பின் முதுகுச்சுவர்தான்.

முன்வாசல் வழியாக நாங்கள் உள்ளே நுழைந்தபோது பேச்சாளர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் நாதஸ்வரம், செயலாளர் கையில் மாலை. மாலைக்கும் கழுத்துக்கும் நடுவே அம்மா போனாள். சந்நிதி முன் கும்பிட்டாள். சுற்று முடிந்தது. உடனே தெற்குப் பக்கம் திரும்பி அடுத்ததைத் தொடங்கினாள்.

“மறுபடியுமா?” என்றார் செயலாளர், மாலையும் கையுமாக.

மூன்றாவது முறை நாங்கள் மாலைக்காரர்களுக்குக் குறுக்கே வரவும், மடப்பள்ளிப் பக்கத்து இரும்புக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கோயிலில் சாமி கும்பிட வந்த பெண்களைப் பார்த்துப் பூட்டு. இதை எழுதியே தீர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. இப்போது அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. முன்வாசல் வழியே வெளியே வந்து, கோயில், கிளப், மீன்கடை, டீக்கடை எல்லாவற்றையும் ஒரே மலையாகப் பாவித்து, அந்த முழுத் தெருவட்டத்தையும் சுற்ற ஆரம்பித்தாள். நாற்காலியிலிருந்து நாலைந்து பெண்கள் எழுந்து பின்னாலேயே வந்தார்கள்.

உள்ளே பேச்சு தொடங்கியது. ஸ்பீக்கர் வழியே தெரு முழுக்கக் கேட்டது. உட்கார்ந்தே இருப்பதுதான் இந்தக் காலத்தின் பெரிய வியாதி என்று அவர், உட்கார்ந்திருந்தவர்களிடம், உருக்கமாகச் சொன்னார்.

“மதினி, இவரு நமக்காத்தான் பேசுதாரு” என்றாள் கோமதி அத்தை, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. “கேக்க வேண்டியவங்கள்லாம் உள்ள பேட்டீஸ் திங்காங்க.”

டாக்டர் சொன்னது

பூசம் வந்தது, மண்டலம் முறியாமல் முடிந்தது. பரிசோதனை முடிவைப் பார்க்கப் போன அன்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திக் கோடு விழுந்தது.

டாக்டர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றவில்லை. “இறங்கியிருக்கு. இன்னும் இறங்கணும். மாத்திரை தொடரட்டும், இப்போதைக்கு ஊசி வேண்டாம். என்ன செஞ்சீங்க பௌதி?”

“டாகூர்” என்றாள் அம்மா. சாமி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தினை, பயறு, கீரை, தெருவட்டம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மோஜாவைச் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. வெறுங்கால் கூடவே கூடாது என்று அம்மாவைத் திட்டினார், முதல் முறையாக. “நடையை நிறுத்தாதீங்க, சாமியையும் நிறுத்தாதீங்க. காலுக்கு ஏதாவது போடுங்க.”

அம்மா இதற்கும் ஒரு வழி கண்டாள். துணியில் செய்த, மெத்தென்ற, புது ஷூ ஒன்று வாங்கினாள். வேறெங்கும் போட்டுப் போவதில்லை. சாமி சுற்ற மட்டும். அது அசுத்தம் இல்லையாம்.

மேடைக்கு ஒரு பேச்சாளர்

அதோடு நின்றிருந்தால் நானும் அடங்கியிருப்பேன்.

பலகை மேடை அகற்றப்படவில்லை. அந்த ஸ்வீட் கடைக்காரர் நன்கொடையில் அது சிமென்ட் மேடை ஆனது, மேலே தகரக் கூரை வந்தது, அவர் தகப்பனார் பெயரில் கல்வெட்டு வந்தது. வடக்குப் பிராகாரம் என்று ஒன்று இப்போது இல்லை. சாமியைச் சுற்றும் வழியை அடைத்து, மாதம் ஒருமுறை நடப்பதைப் பற்றிப் பேச ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு முறை கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

போன மாதம் செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் லட்டு டப்பா. டீபாய் மேல் வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“மேடம், உங்க சுகர் இறங்கினது பத்திக் கேள்விப்பட்டோம். கமிட்டிக்கே பெருமை. அடுத்த முகாம்ல நீங்க மேடையேறி ரெண்டு வார்த்தை பேசணும். நம்ம முகாமுக்கு வந்து பலன் அடைஞ்சவங்கன்னு…”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “முகாமுக்கு வந்தா? கதவப் பூட்டினீங்களே சார்” என்று ஆரம்பித்தேன். அம்மா கையால் அமர்த்தினாள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் கை டப்பாவை நோக்கிப் போனது. அம்மா பேச்சைத் தொடங்காமலேயே டப்பாவை அவர் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தினாள்.

“வாரேன் சார். பேசவும் செய்யுதேன்.”

செயலாளர் முகம் மலர்ந்தது.

“மேடைய எடுத்துருங்க. அது நிக்குத எடத்துலயே நடந்து காட்டுதேன். அதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது.”

“மேடம், அது டொனேஷன்ல கட்டினது. எடுத்தா அவர் என்ன நினைப்பார்?”

“அவரையும் சுத்த வரச் சொல்லுங்க. ஸ்வீட் கடை வச்சிருக்காரு, சர்க்கரை இல்லாமயா இருக்கும்?”

அப்பா சிரித்துவிட்டு, சிரிக்காததுபோல் இருமினார். செயலாளர் சிரிக்கவில்லை. டீயைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். “சர்க்கரை போட்டிருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல, இந்த வீட்டுல போடுததில்ல.”

அவர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அம்மாவிடம் மட்டும் கேட்டார்.

“எனக்கும் போன வாரம் ஊசி எழுதிட்டார் டாக்டர். அந்தத் தெருச் சுத்து… ரொம்பக் கஷ்டமா இருக்குமா?”

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு வண்டி இருந்தது. அம்மா முந்திக்கொண்டாள்.

“ஊசி எழுதியிருந்தா அத விடாமப் போடுங்க. காலைல வாங்க. வெறுங்காலோட வராதிய, மெத்துனு ஷூ போட்டுக்கோங்க. மீன்கடைகிட்ட மூக்கப் பொத்திக்கிடலாம், அவ ஒண்ணும் நெனைக்கமாட்டா. லட்டை எடுத்துட்டுப் போயிருங்க.”

வந்தார். மறுநாளும் வந்தார். இன்று காலையும் வந்தார். கோமதி அத்தை அவரை முன்னால் விட்டு, “சார், பாதில திரும்பிராதிய” என்று தினமும் ஒருமுறை சொல்லிவிடுகிறாள். அவர் திரும்புவதில்லை. மேடை மட்டும் அப்படியே நிற்கிறது. அதை எடுப்பது பற்றி அவரும் பேசுவதில்லை, கமிட்டியும் பேசுவதில்லை. நான் மூன்றாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வடக்குத் தெருவில், ஒரு கடைக்கும் கிளப் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில், மேடையின் தகரக் கூரை தெரியும். அந்த இடம் வரும்போது செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, எங்களையெல்லாம் தாண்டி விறுவிறுவென்று நடக்கிறார். சர்க்கரைக்கு அந்த வேகம்தான் நல்லது என்று நான் படித்திருக்கிறேன்.